எருக்கிடங்கு, மண்புழு உரம், சாண எரிவாயு: ராமநாதபுரம் கடலோர விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கடலை ஒட்டிய ஊர்களில் மாடு, ஆடு, நெல், மிளகாய் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. சாணத்தையும் பண்ணைக் கழிவையும் ஒழுங்காகச் சேர்த்து வைக்க அரசு என்ன தருகிறது, அதை எங்கே கேட்பது, வாங்கியதை நம் மண்ணில் எப்படிக் கட்டுவது என்பதுதான் பேச்சு. மானியத் தொகை அவ்வப்போது மாறும். அதனால் எந்தக் காலத்து விதி என்பதையும் கூடவே சொல்லியிருக்கிறேன்.

எருக்கிடங்கு கட்ட மானியம் என்று தனியாக ஒரு திட்டம் உண்டா?

அந்தப் பெயரில் கேட்டால் "அப்படி எதுவும் இல்லை" என்றுதான் பதில் வரும். கேட்டவரும் திரும்பி வந்துவிடுவார். பணம் இருக்கிறது, ஆனால் நாலைந்து துறைகளில் சிதறிக் கிடக்கிறது. உரத்தொட்டி, மாட்டுக்கொட்டகை, உறிஞ்சு குழி எல்லாம் ஊரக வளர்ச்சித் துறையின் வேலைத் திட்டத்தில் வரும். மண்புழு உரக்கூடம் தோட்டக்கலைத் துறையிலும் வேளாண்மைத் துறையிலும் கிடைக்கும். சாண எரிவாயுக் கலனுக்கு மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் உதவுகிறது. பெரிய பண்ணை என்றால் கால்நடைத் துறையின் வட்டிச் சலுகைக் கடன் உண்டு. உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குரிய அலுவலகத்தில் அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் இருப்பது நாலு மாடு. கொல்லையில் குவித்து வைத்தால் போதாதா?

கோடையில் போதும். ஐப்பசியில் போதாது.

இந்த மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 827 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆடி, ஆவணியில் வயலுக்குக் குப்பை அடித்து முடித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு சேரும் சாணம் முழுக்கத் திறந்த வெளியில், சரியாக மழைக்கு நடுவில் கிடக்கும். குவியலிலிருந்து வழியும் அந்தப் பழுப்புத் தண்ணீரில்தான் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் போகின்றன. மழை விட்டபின் மிஞ்சுவது பார்வைக்கு எரு, பலத்தில் வெறும் சக்கை. மாடு கழிக்கும் தழைச்சத்தில் ஏறத்தாழ பாதி மூத்திரத்தில்தான் இருக்கிறது. மண் தரைத் தொழுவத்தில் அது அன்றைக்கே மண்ணுக்குள் போய்விடும்.

போகட்டும் என்று விடவும் முடியாது, ஏனென்றால் அது போய்ச் சேரும் இடம் நம் கிணறு. கடலோர மணற்பாங்கில் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் மெல்லிய நல்ல தண்ணீரைத்தான் நாம் இறைக்கிறோம். மணலுக்கு எதையும் தடுத்து நிறுத்தத் தெரியாது. மேலே ஊற்றியது நைட்ரேட்டாக மாறிச் சீக்கிரமே அந்தத் தண்ணீரில் கலந்துவிடும். குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம்வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தைகள்தான். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டுவதால் கூடத்தான் செய்யும்.

கடலுக்கும் எங்கள் தொழுவத்துக்கும் என்ன சம்பந்தம்?

தொழுவத்து ஓடை வரத்துக்காலில் சேரும், வரத்துக்கால் கண்மாயில் சேரும், கண்மாய் மறுகால் பாய்ந்தால் கடைசியில் கடல்தான். ஊருணி இடையில் இருந்தால் முதலில் அது பச்சையாகும்.

இந்தக் கடல் சாதாரணக் கடலும் இல்லை. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய 560 சதுர கிலோமீட்டரும் 1986-லிருந்து கடல்சார் தேசியப் பூங்கா. 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பவளப்பாறையும் கடற்புல்லும் தெளிந்த, சத்துக் குறைந்த தண்ணீரில் வாழ்பவை. உரச்சத்து கூடினால் பாசி மண்டி வெயிலை மறைத்துவிடும். கடற்புல் போனால் அதைத் தின்னும் கடற்பசுவும் போகும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் ஆழமும் குறைவு. அங்கே சேருவது எளிதில் வெளியேறாது.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கம் கடல் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கியது நினைவிருக்கும். மீனவர்கள் பூங்கோரை என்று சொல்லும் நுண்ணுயிர்ப் பெருக்கம் அது. நம் சாணம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காற்று, நீரோட்டம், கடல் சூடு, ஊர்ச் சாக்கடை என்று அதற்குப் பல கைகள் உண்டு. ஆனால் நிலத்திலிருந்து போகும் சத்து அத்தகைய பெருக்கத்துக்குத் தீனி என்பதில் சந்தேகம் இல்லை. அந்தத் தீனியில் நம் பங்கைக் குறைப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

குழி வெட்டுவதா, தொட்டி கட்டுவதா?

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் இருந்தால் தயவுசெய்து குழி வெட்டாதீர்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பல திட்டப் படிவங்களில் "உரக்குழி" என்றே அச்சடித்திருக்கும். அது மேட்டு நிலத்துக்கு எழுதியது. நம் பக்கம் கார்த்திகையில் நிலத்தடி நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடும். குழி அந்த நீரோடு ஒன்றாகிவிடும், அதாவது எருவைக் கிணற்றிலேயே ஊற வைத்த கதைதான். உள்ளே தள்ளிக் கரிசல் மண் உள்ள ஊர்களில் வேறு தொல்லை: தண்ணீர் இறங்காமல் குழியே குட்டையாகி, எரு மக்காமல் நாறும்.

தரைக்கு மேல் கட்டும் தொட்டிதான் சரி. மகாராஷ்டிரத்து விவசாயி நாராயண் தேவதாவ் பாண்டரிபாண்டே வடிவமைத்து, அவர் பெயராலேயே நாடெப் என்று வழங்கும் தொட்டி 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரம். சுவரில் காற்றுக்கு இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்குவார்கள். கொள்ளளவு சுமார் 5 கன மீட்டர். ஒரு மாடு நாளைக்கு 10 முதல் 15 கிலோ சாணம் போடும் என்று வைத்தால், நாலு மாட்டுக்கு மூன்று மாத மழைக்காலச் சாணம் ஒரு தொட்டிக்குள் அடங்கிவிடும். இது நிறையும்போது முந்தையது மக்கிக்கொண்டிருக்க வேண்டும், ஆகவே இரண்டு தொட்டி கேளுங்கள்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. தரையை ஓரடி உயர்த்தி, சிமெண்ட் தளம் போட்டு, ஒரு மூலைக்குச் சரிவு கொடுங்கள். அந்த மூலையில் சிறு தொட்டி வைத்தால் வழியும் சாறும் தொழுவத்து மூத்திரமும் அதில் சேரும். அடிவரிசைக் கல்லில் இடைவெளி வேண்டாம். சாறு அந்த வழியாகத்தான் ஓடும். மேலே பனையோலைக் கூரை போதும். மழைச்சாரல் வடகிழக்கிலிருந்து அடிப்பதால் அந்தப் பக்கத்தைத் தட்டி வைத்து மறையுங்கள். சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு வரப்புப் போட்டால் வெளித்தண்ணீர் உள்ளே வராது. குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். அப்புறம், உப்புத் தண்ணீரில் கலவை போட விடாதீர்கள், கடற்கரை மணலையும் சேர்க்க விடாதீர்கள். கம்பி உள்ளேயே துருப்பிடித்துத் தளம் வெடித்துவிடும். கொத்தனார் "ஒண்ணும் ஆகாது" என்பார். ஆகும்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் கட்டித் தருவார்களா?

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த அந்தத் திட்டத்தில் நாடெப் தொட்டி, மண்புழு உரத்தொட்டி, தரை போட்ட மாட்டுக்கொட்டகை, மூத்திரத் தொட்டி, உறிஞ்சு குழி எல்லாம் தனிநபர் பணிகளாக இருந்தன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், பெண் அல்லது மாற்றுத்திறனாளி தலைமையில் உள்ள குடும்பங்கள், அவர்களை அடுத்துச் சிறு, குறு விவசாயிகள் என்பது முன்னுரிமை. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய சட்டம் வந்துவிட்டது. இப்போதைய பணிப் பட்டியலில் உங்கள் வேலை எந்தத் தலைப்பில் வருகிறது என்பதை ஊராட்சிச் செயலரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலகத்திலோ கேளுங்கள். கிராம சபையில் உங்கள் பெயரோடு வேலை பதிவாவது முக்கியம். பேச்சில் சொல்லிவிட்டு வந்தால் அது காற்றோடு போய்விடும்.

மண்புழு உரத்துக்கு என்ன கிடைக்கும்?

தோட்டக்கலைத் துறை வழியாக, ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தில் செலவில் பாதி. பல ஆண்டுகளாக இருந்த அளவுகோல்: 30 அடிக்கு 8 அடி நிரந்தரக் கூடம், மதிப்பு 1 லட்சம், மானியம் 50,000 ரூபாய். 12 அடிக்கு 4 அடி நெகிழிப் படுக்கைக்கு மதிப்பு 16,000, மானியம் 8,000. 2025-ல் விதிமுறை திருத்தப்பட்டதால் இன்றைய தொகையை அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழக அரசு 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் திட்டத்திலும் பசுந்தாள் உர விதையோடு மண்புழு உரப் படுக்கை இடம்பெற்றது. உழவன் செயலியில் பதிந்து வைத்தால் அடுத்த ஒதுக்கீட்டுக்கு வரிசையில் இருப்பீர்கள்.

என் கருத்து: முதலில் நெகிழிப் படுக்கையில் ஆரம்பியுங்கள். சித்திரை வெயிலில் புழுவைக் காப்பாற்றத் தெரிந்தபின் கட்டடம் கட்டலாம். நிழலும் ஈரமும்தான் புழுவுக்கு உயிர். எறும்பு இன்னொரு எதிரி. கரையில் ஒதுங்கும் கடற்பாசி, கடல் தாழை (கடற்புல்) போட விரும்பினால் நல்ல தண்ணீரில் அலசி உப்பைப் போக்கிவிட்டுப் போடுங்கள். புழுவுக்கு உப்பு ஆகாது. முண்டு மிளகாய்க்கு இந்த உரம் நன்றாகவே பிடிக்கும்.

சாண எரிவாயுக் கலனுக்கு எவ்வளவு தருகிறார்கள்?

2021-22 முதல் 2025-26 வரைக்குமான தேசிய உயிரி எரிவாயுத் திட்டத்தில், நாளொன்றுக்கு 1 முதல் 25 கன மீட்டர் வரை வாயு தரும் கலனுக்கு, அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 வரை. வீட்டுக்குப் பொருந்தும் 2 முதல் 4 கன மீட்டர் கலனுக்குப் பொதுப்பிரிவில் 14,350, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 22,000. கலனின் முழு விலை இதைவிட அதிகம்; மீதி உங்கள் கைப்பணம். 2025-26-க்குப் பிறகான விதியைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

ஒரு கன மீட்டர் வாயுவுக்குத் தினமும் சுமார் 25 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். 2 கன மீட்டர் கலன் நாலைந்து பேர் உள்ள வீட்டின் சமையலுக்குப் போதும். அதற்கு 50 கிலோ சாணம், அதாவது கட்டிப்போட்ட நாலு மாடு. பகலெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்வரும் மாடு என்றால் பாதிச் சாணம் காட்டிலேயே விழுந்துவிடும். அந்தக் கணக்கைப் பார்க்காமல் பெரிய கலன் கட்டிவிட்டு, அப்புறம் அதில் விறகு அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. குடத்தில் தண்ணீர் பிடித்து வாழும் ஊரில் தினம் 50 லிட்டர் கிடைக்குமா என்பதையும் யோசியுங்கள்.

எந்த வகைக் கலன் நம் பக்கம் நிற்கும்?

தரைக்குள் செங்கல் குவிமாடமாகக் கட்டும் தீனபந்து வகை, நிலத்தடி நீர் உயரும் இடத்தில் விரிசல் விடும் ஆபத்து உண்டு. மிதக்கும் மூடி வகையில் இரும்பு மூடி உப்புக் காற்றுக்குத் தாங்காது. நாரிழை அல்லது கனத்த நெகிழியில் ஆயத்தமாக வரும் கலனே கடலோரத்துக்கு ஏற்றது. அதில் எந்த மாதிரி அமைச்சகத்தின் ஒப்புதல் பட்டியலில் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் மானியம் வராது. வெளிவரும் கரைசலை வெயிலில் காயப் போட்டால் தழைச்சத்து ஆவியாகிவிடும். கூரைக்குக் கீழே ஓலை, சருகோடு அடுக்கி மக்க விடுங்கள்.

ஆளுக்கு ஒன்றிரண்டு மாடுதான். ஊரே சேர்ந்து செய்ய வழி உண்டா?

உண்டு. 2018-ல் தொடங்கிய கோபர்தன் திட்டம் அதற்குத்தான். தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, இரண்டாம் கட்டத்தில் மாவட்டத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரை பொதுக் கலனுக்கு ஒதுக்கியது. ஊராட்சி தீர்மானம் போட்டு ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கு அனுப்ப வேண்டும். கட்டுவது சுலபம். தினமும் சாணம் சேகரிப்பவருக்குச் சம்பளம் யார் தருவது என்பதில்தான் பொதுக் கலன்கள் நின்றுபோகின்றன. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் தீர்மானம் போடாதீர்கள். மகளிர் குழு பொறுப்பெடுத்து, எருவை விற்று அதில் கூலி எடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு ஒத்துவரும்.

பெரிய பால் பண்ணை, ஆட்டுப் பண்ணை வைக்கப் போகிறேன். எனக்கு?

கால்நடை வளர்ப்பு உட்கட்டமைப்பு மேம்பாட்டு நிதியில் கழிவிலிருந்து உரம், வாயு எடுக்கும் அமைப்புகளும் அடக்கம். திட்டச் செலவில் 90 விழுக்காடு வரை வங்கிக் கடன், அதற்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை, திருப்பிக் கட்ட 2 ஆண்டு தவணை விலக்கோடு 8 ஆண்டு. 2025-26 வரை நீட்டிக்கப்பட்டது. தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை ஆடும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 10 லட்சம் வரை, 500-க்கு 25 என்றால் 50 லட்சம் வரை, பாதி மூலதன மானியம் கிடைக்கும். திட்ட அறிக்கை எழுதும்போதே எருக்கிடங்கையும் கொட்டகைச் செலவோடு சேர்த்துவிடுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால் வங்கி காதில் வாங்காது.

கிடை போடுவதற்கு ஏதாவது உதவி உண்டா?

கிடைக்கென்று மானியம் கிடையாது. எனக்கு இதில் வருத்தம்தான். அறுவடை முடிந்த வயலில் கீதாரி, அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர், இரவில் ஆட்டை மறித்தால் புழுக்கையும் மூத்திரமும் நேராக நிலத்துக்குப் போகிறது. கிடங்கு வேண்டாம், வண்டிக்கூலி வேண்டாம், கழிவு என்ற பேச்சே இல்லை. கீதாரிக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டால் முடிந்தது. இயற்கை வேளாண்மைக்கான பரம்பராகத் கிரிஷி விகாஸ் திட்டத்தில் குழுவாகச் சேர்ந்தால் மூன்றாண்டுக்கு ஹெக்டேருக்கு 31,500 ரூபாய். அதில் 15,000 இடுபொருளுக்காக நேரே உங்கள் கணக்குக்கு வரும். கிடைக்கூலியையும் இடுபொருள் செலவில் சேர்க்க முடியுமா என்று குழுக் கூட்டத்தில் வேளாண் அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள். கிடையை ஊருணிக் கரையிலும் வரத்துக்கால் ஓரத்திலும் போட வேண்டாம், முக்கியமாகப் புரட்டாசிக்குப் பிறகு.

கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் நிலம். கட்ட அனுமதி வேண்டுமா?

உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர்வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கைப்படி ஊரகப் பகுதியில் முதல் 200 மீட்டர் கட்டுமானத்துக்கு விலக்கப்பட்ட இடம். விவசாயம், தோட்டம், மேய்ச்சல் தடையில்லை. நிரந்தரத் தளம் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. காரங்காடு போல அலையாத்திக்காடு உள்ள இடங்களில் விதி இன்னும் கடுமை. அந்த நிலத்துக்கு எடுத்து வைக்கக்கூடிய நெகிழிப் படுக்கை போதும் என்பேன்.

என்ன ஆவணம் வேண்டும்? பணம் எப்போது வரும்?

சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், விவசாயி அடையாள எண், தேவைப்பட்டால் சாதிச் சான்று. சிறு, குறு விவசாயி சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில். பெரும்பாலானவை பின்னேற்பு மானியம், அதாவது நீங்கள் கட்டி முடித்து, அலுவலர் வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகே கணக்கில் ஏறும். பணி ஆணை வருவதற்கு முன் கட்டினால் மானியம் போச்சு. முன்பணத்துக்கு வட்டிக்கு வாங்கினால் மானியத்தில் பாதி வட்டிக்கே போகும். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுப் பாருங்கள். "மானியம் வாங்கித் தருகிறேன், ஆயிரம் கொடுங்கள்" என்று வருபவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது.

குத்தகை நிலம், பட்டா இல்லை. கிடைக்குமா?

நிலத்தில் கட்டும் எதற்கும் உரிமையாளர் ஒப்புதல் வேண்டும். பட்டா தாத்தா பெயரிலேயே இருப்பதும் இதே சிக்கல்தான். முதலில் பெயர் மாற்றுங்கள். புறம்போக்கில் கட்ட முடியாது. எடுத்துப்போகும் படுக்கை, ஆயத்தக் கலன் இவற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

கோழிப்பண்ணை, இறால் பண்ணைக்கு?

5,000 கோழிக்கு மேல் போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி உங்களைத் தொடும். எருவை மூடிய, தரை போட்ட கொட்டகையில் வைப்பது அப்போது விருப்பம் அல்ல, கட்டாயம். இறால் பண்ணை கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில், 2005 சட்டப்படி பதிவு பெற வேண்டும். 5 ஹெக்டேருக்கு மேல் என்றால் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் இல்லாமல் நடத்த முடியாது. மானியக் கேள்விகளுக்கு மீன்வளத் துறையைப் பாருங்கள்.

பூச்சிமருந்து டப்பாக்களை என்ன செய்வது?

இதற்கு மானியம் எதுவும் இல்லை. மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவை ஓட்டை போட்டுத் தனிச் சாக்கில் கட்டி வையுங்கள். எருத்தொட்டியில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

எந்த மாதம் கேட்பது நல்லது?

ஏப்ரல், மே. நிதியாண்டு தொடங்கியதும் ஒதுக்கீடு வரும், முதலில் பதிந்தவருக்கு முதலில். பணி ஆணை ஆனியில் கிடைத்தால் ஆடிக்குள் தளம் போட்டு, ஆவணிக்குள் கூரை ஏற்றி, மழைக்கு முன் சிமெண்ட் இறுகிவிடும். ஐப்பசியில் ஆணை வந்தால் தை வரைக்கும் வேலையைத் தள்ளிவைக்க எழுத்தில் அவகாசம் கேளுங்கள். அதுவரை சாணத்துக்கு ஒரு தார்ப்பாய் போதும்.